மேற்கோள் பட்டியலில் பெரியம்மா

அவளிடம் சும்மா ஒரு பேச்சுக்கு என்று எதையும் சொல்லிவிட முடியாது. "நம்ம பிரின்சிபால் அடுத்த மாசம் வேலைய விட்டுப் போறாராம்" என்று சாப்பாட்டு வேளையில் யாராவது ஆரம்பிப்பார்கள். டிபன் பாக்ஸிலிருந்து தலையைத் தூக்காமலே கேட்பாள்.

"யாரு சொன்னது?"

"எல்லாரும் சொல்றாங்க."

"எல்லாரும்னா யாரு? மொதல்ல வாயத் தொறந்தது யாரு?"

அவ்வளவுதான், வம்பு அங்கேயே செத்துப்போகும். நல்ல வம்பு ஒன்றைக் கண்ணெதிரே கொன்றுவிட்டு அவள் பாட்டுக்குச் சோற்றைப் பிசைந்துகொண்டிருப்பாள். எனக்கு ஆத்திரமாக வரும். ஆரணியிலிருந்து (பட்டுக்குப் பேர்போன ஆரணி இல்லை, எங்கள் பக்கத்துச் சின்ன ஆரணி) பஸ் பிடித்து, கவரைப்பேட்டையில் ரயிலுக்கு ஓடி, கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் தனியார் கல்லூரிக்கு வந்து சேர்வதற்குள் பாதி உயிர் போய்விடும். மிச்சப் பாதிக்கு இந்த வம்புதானே மருந்து?

நான் அங்கே வேதியியல் விரிவுரையாளர். நாற்பது தாண்டிய பிறகு, டாக்டர் பட்டம் இல்லாதவர்களுக்கு இனி இடமில்லை என்று நிர்வாகம் சொன்னதால், பகுதி நேர ஆராய்ச்சிக்குப் பதிவு செய்திருந்தேன். அவள் என்னைவிட ரொம்பச் சின்னவள். முழுநேர ஆராய்ச்சி மாணவி. பழவேற்காடு ஏரிக்கரையில் ஒரு மீனவக் குப்பம் அவள் ஊர். அந்த ஏரியின் சேற்றையும் இறாலையும் பற்றித்தான் அவள் ஆராய்ச்சி. இருவருக்கும் வழிகாட்டி ஒரே பேராசிரியர், உட்காரும் அறையும் ஒன்று. ஜன்னலைத் திறந்தால் தொழிற்சாலைப் புகைபோக்கிகள், மூடினால் புழுக்கம்.

அவள் பெயரை இங்கே எழுதவில்லை. எழுதுவதற்கு முன் உரியவரைக் கேட்க வேண்டும் என்பது அவள் வைத்திருந்த சட்டம். இப்போது வேறு மாநிலத்தில் வேலையில் இருக்கிறாள், என்னிடம் இருப்பது பழைய எண். ஆகவே 'அவள்'.

எங்கள் பழக்கம் ஆரம்பித்ததே ஒரு அழுகையில்தான். அழுதது நான். என் முதல் அத்தியாயத்தில் வரிக்கு வரி அடைப்புக்குறிக்குள் எண் போட்டு, கடைசியில் அந்த எண்களுக்கு உரிய கட்டுரைகளைப் பட்டியலாகக் கையாலேயே தட்டி வைத்திருந்தேன். வழிகாட்டி படித்துப் பார்த்துவிட்டு, "நல்லாருக்கு. ஆரம்பத்துல மட்டும் ஒரு பத்தி சேர்த்துடுங்க" என்றார். ஆரம்பத்தில் புது மேற்கோள்களோடு ஒரு பத்தி சேர்த்தால் அதற்குப் பிறகு வரும் அத்தனை எண்ணும் தள்ளிப்போகும். நான் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டேன்.

அவள் எட்டிப் பார்த்தாள். "இன்னாக்கா இது, எல்லாத்தையும் கையில அடிச்சிக்கினு கீறியா? ஐயோ பாவமே! நவுரு."

என் நாற்காலியில் உட்கார்ந்து, காசில்லாமல் கிடைக்கும் மேற்கோள் மென்பொருள் ஒன்றை என் மடிக்கணினியில் ஏற்றினாள். ஒரு கட்டுரையின் விவரத்தை ஒருமுறை உள்ளே கொடுத்துவிட்டால் போதும். எழுதும்போது வேண்டிய இடத்தில் தட்டினால் அதுவே எண் போடும், கடைசியில் பட்டியலையும் கட்டிவிடும். நடுவில் எதைச் செருகினாலும் எடுத்தாலும் எண்ணெல்லாம் தானாகத் திருந்தும். நான் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன்.

"இத்த முன்னாடியே சொல்றதுக்கு இன்னாடி?" என்றேன்.

"நீ கேக்கலியே! ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சிக்கோக்கா. நீ படிக்காதத உள்ள சேக்காத. மெஷினுக்கு இன்னா தெரியும்? நீ எத்த ஊட்டுறியோ அத்தத்தான் கக்கும்."

அந்தச் சட்டம் எப்பேர்ப்பட்ட பேஜார் என்பது பிறகுதான் தெரிந்தது. ஒரு கட்டுரையில் எனக்குத் தோதான வரி ஒன்று கிடைத்தது. அந்த வரிக்கு அதை எழுதியவர் வேறொரு பழைய கட்டுரையை ஆதாரம் காட்டியிருந்தார். நான் அந்தப் பழைய கட்டுரையின் பெயரை அப்படியே எடுத்து என் பட்டியலில் சேர்த்தேன். எல்லாரும் செய்கிறதுதான்.

"படிச்சியாக்கா?"

"அவரு படிச்சிருப்பாரும்மா."

"அவரும் இப்டியே நெனச்சிருந்தார்னா?"

விட மாட்டாள். இருவரும் தேடினோம். அந்தப் பழைய கட்டுரை இன்னொன்றைக் காட்டியது, அந்த இன்னொன்று வேறொன்றைக் காட்டியது. கடைசியில் நூலகர் எங்கிருந்தோ வரவழைத்துக் கொடுத்த ஆதிக் கட்டுரையைத் திறந்து பார்த்தால், அதில் அப்படி ஒரு வார்த்தையே இல்லை! புரளி கிளம்பும் விதம்தான், படித்தவர்கள் கிளப்பியிருக்கிறார்கள், அவ்வளவே வித்தியாசம். அன்று அவள் மேசையைத் தட்டிச் சிரித்த சிரிப்பில் பக்கத்து அறைக்காரர்கள் வந்து எட்டிப் பார்த்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் நல்ல வரி போச்சே!

சாப்பாட்டிலும் இதே கதைதான். திங்கட்கிழமைகளில் ஊரிலிருந்து இறால் தொக்கு கொண்டுவருவாள். "பிரமாதம்டி" என்றால் போதும், உடனே திருத்துவாள். "பெரிம்மா பண்ணது. உப்பு தூக்கலா கீறது மட்டும் என் வேலை." ஒரு பாராட்டைக்கூட உரியவரிடம் சேர்க்காமல் அவளால் விழுங்க முடியாது.

அந்தப் பெரியம்மாதான் அவளை வளர்த்தவர். தாயின் அக்கா. பெயர் தேசம்மாள், எழுதலாம் என்று அவரே சம்மதித்த பெயர். இறால் போடும் ஓலைக்கூடையான பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, இடுப்பளவு தண்ணீரில் குனிந்து, சேற்றில் கையால் துழாவி இறால் பிடிக்கிறவர். குப்பத்தில் இன்னும் சில பெண்கள் அப்படி உண்டு. ஏரியில் எந்தெந்த இடத்தில் சேறு எடுத்துப் பரிசோதிப்பது என்று அவள் முடிவு செய்ததே அந்தப் பெண்கள் சொன்னதை வைத்துத்தான். எந்தக் கரையில் சேறு நறநறவென்று இருக்கும், எங்கே வழவழப்பு, எந்த மாதத்தில் இறால் எங்கே ஒதுங்கும் என்று மணிக்கணக்கில் சொல்லியிருக்கிறார்கள். அவள் எல்லாவற்றையும் போனில் பதிவு செய்து வைத்திருந்தாள்.

ஆய்வேட்டில் அந்த இடம் வந்தபோதுதான் தகராறு. 'முன்னோட்டக் கள ஆய்வின் அடிப்படையில் இடங்கள் தேர்ந்தெடுக்கப்பட்டன' என்று ஒரு வரி எழுதிவிட்டுப் போ என்றார் வழிகாட்டி. வழக்கமாக எல்லாரும் எழுதும் வரி அது.

"கள ஆய்வு பண்ணது யாரு சார்?" என்றாள்.

"நீதான்."

"நான் இல்ல சார். எங்க பெரிம்மாவும் கன்னியம்மாவும் மத்தவங்களும். நான் ஸ்கூல் போய்க்கினு இருந்தப்பவே அவங்க ஏரில கீறாங்க. அவங்க பேரு பட்டியல்ல வரணும்."

வழிகாட்டி கெட்ட மனிதர் இல்லை. பொறுமையாகத்தான் சொன்னார். "வாய்ப்பேச்சைப் பட்டியல்ல சேர்க்க விதி இடம் தராதும்மா. ஏன்னா படிக்கிறவன் அதைத் தேடி எடுத்துச் சரிபார்க்க முடியாது. கட்டுரைன்னா எடுத்துப் பார்க்கலாம். உங்க பெரியம்மாவை எங்கே போய் எடுக்கிறது?"

வேறு யாராக இருந்தாலும் கண்ணைக் கசக்கிக்கொண்டு வெளியே வந்திருப்பார்கள். இவள் நேராக நூலகத்துக்குப் போனாள். பதிவுகளை எல்லாம் வார்த்தைக்கு வார்த்தை எழுத்தில் பெயர்த்து, ஒலிப்பதிவோடு சேர்த்துக் கல்லூரி நூலகத்தில் ஒப்படைத்து, புத்தகங்களுக்குக் கொடுப்பதுபோல் ஒவ்வொன்றுக்கும் ஒரு சேர்க்கை எண் வாங்கிவிட்டாள்! அதற்கு முன் குப்பத்தில் வீடு வீடாகப் போய்ப் பெயர் போடச் சம்மதம் கேட்டாள். ஒரு பெண் மட்டும் மறுத்துவிட்டார். அவர் மகன் தொழிற்பேட்டையில் ஒப்பந்தத் தொழிலாளி. "எதுனா ஆயிடப் போவுது, நம்ம பேரு வேணாம்மா" என்றாராம். அவரைப் பெயர் வெளியிட விரும்பாதவர் என்றே போட்டாள்.

சேர்க்கை எண்களைப் பார்த்த வழிகாட்டி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சரி, இனிமே யார் வேணும்னாலும் எடுத்துப் பார்க்கலாம். சேர்த்துக்கோ. ஆனா ஒண்ணு. பேர் போட்டா அவங்களும் மத்த ஆத்தர் மாதிரிதான். ஒத்துவராத எடத்துல ஒத்துவரலன்னு எழுதணும். மாலை போட்டு உக்கார வெக்கறதுக்கு இது கல்யாண மேடை இல்லை."

"எழுதுறேன் சார்" என்றாள் சந்தோஷமாக. அப்போது அதன் கனம் அவளுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

முதல் அச்சுப்பிரதியை ஊருக்கு எடுத்துப்போய்ப் பெண்களிடம் காட்டியிருக்கிறாள். மேற்கோள் பட்டியலில் ஜப்பான்காரர் ஒருவருக்கும் நார்வேக்காரர் ஒருவருக்கும் நடுவே பெரியம்மா இருக்கும் பக்கத்தைத் திறந்து அவளே வாசித்தும் காட்டினாளாம். வாசித்ததும் பெரியம்மா முகம் கறுத்துவிட்டது. ஏனென்றால் அங்கே இருந்தது எல்லப்பன். அதாவது பெரியம்மாவின் புருஷன்.

நடந்தது இதுதான். அந்த மென்பொருள் வெள்ளைக்காரன் செய்தது. பெயருக்கு இரண்டு கட்டம் வைத்திருக்கும், ஒன்று குடும்பப் பெயருக்கு, ஒன்று சொந்தப் பெயருக்கு. குடும்பப் பெயரை முன்னால் போட்டு, சொந்தப் பெயரை ஒற்றை எழுத்தாக வெட்டிவிடும். நமக்கு ஏது குடும்பப் பெயர்? ஆதார் அட்டையில் இருந்தபடி அவள் தேசம்மாளைச் சொந்தப் பெயரிலும் எல்லப்பனைக் குடும்பப் பெயரிலும் போட்டிருக்கிறாள். பட்டியலில் எல்லப்பன் முழுசாக நிற்க, தேசம்மாள் 'தே' என்று ஒரு புள்ளியோடு ஓரமாக நின்றார். கன்னியம்மா உட்பட எல்லாப் பெண்களுக்கும் இதே கதி. புருஷன்மார்கள் மொத்தமாக அறிஞர்கள் ஆகிவிட்டார்கள்.

"அந்தாளு என்னிக்குடி ஏரில எறங்குனான்?" என்று பெரியம்மா கேட்டாராம். "கால் நனையாம செத்தவன். அவன் சொன்னானா உனுக்கு, சேறு நறநறன்னு கீதுன்னு?"

மறுநாள் அவள் முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை. வந்ததும் வராததுமாக ஒவ்வொரு பெயரையும் திறந்து, இரண்டு கட்டத்தையும் ஒரே கட்டமாக மாற்றினாள். அப்படி ஒரு வசதி அந்த மென்பொருளிலேயே இருந்தது, நாங்கள்தான் பார்க்கவில்லை. தேசம்மாள் முழுசாக வந்து நின்றார். எனக்கும் சந்தேகம் வந்து என் கட்டுரைகளை அடுத்தவர்கள் எப்படிக் காட்டியிருக்கிறார்கள் என்று தேடினேன். எல்லாவற்றிலும் என் வீட்டுக்காரர் பெயர்! வீட்டில் போய்ச் சொன்னால் மனிதர், "பரவால்லயே, நான் தூங்கிக்கினே கெமிஸ்ட்ரி எழுதியிருக்கேன்" என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார். அன்று அவருக்குத் தோசை கிடைக்கவில்லை.

இத்தனையும் சிரித்துச் சொல்லலாம். சிரிக்க முடியாதது அதற்குப் பிறகு வந்தது.

ஏரி கடலோடு சேரும் முகத்துவாரம் சில வருடம் மணல் அடைத்துக்கொள்ளும். அப்படி அடைத்த காலத்தில் வடகரைச் சேற்றில் இறால் குஞ்சு இருக்கவே இருக்காது என்று பெரியம்மா அடித்துச் சொல்லியிருந்தார். பதிவில் இருக்கிறது. இவள் அதேபோல் அடைத்திருந்த சமயத்தில் வடகரையில் வலை போட்டுப் பார்த்தாள். குஞ்சு இருந்தது. குறைவுதான், ஆனால் இருந்தது. சந்தேகப்பட்டு மறுபடி போனாள், மறுபடியும் இருந்தது.

கணினிக்கு முன்னால் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்தாள். 'தேசம்மாளின் கூற்று எங்கள் தரவோடு ஒத்துப்போகவில்லை' என்ற வரி திரையில் இருந்தது.

"எடுத்துடுடி" என்றேன். "மத்த எடத்துலதான் பெரியம்மா பேரு வருதே. இந்த ஒரு வரி இல்லன்னா யாருக்குத் தெரியப்போவுது?"

அந்த மென்பொருளில் ஒரு மேற்கோளை எடுப்பது அவ்வளவு சுலபம். ஒரு தட்டு. எண்கள் நகர்ந்து மூடிக்கொள்ளும், இருந்த சுவடே தெரியாது. அவளுக்கும் அது தெரியும்.

"நார்வேக்காரர் சொன்னது தப்புன்னு முன்னாடி பக்கத்துல எழுதிக்கீறேன்க்கா. அவரு மூஞ்சியக்கூட நான் பாத்ததில்ல, கை கூசாம எழுதினேன். பெரிம்மா சொன்னத மட்டும் மறைச்சேன்னா, அவங்கள நான் ஆத்தரா நெனைக்கலன்னுதானே அர்த்தம்? சும்மா பாசத்துல பேரு போட்டா மாதிரி ஆயிடும்."

"சரி, அவங்ககிட்ட சொல்லிட்டியா?"

"இல்லக்கா. வாய் வர்ல." அவள் கண் கலங்கி நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். "வளத்தவங்க. எம்மாம் பேருக்கு முன்னாடி அவங்க சொன்னது தப்புன்னு சொல்லப் போறேன். ஊட்டுல சேப்பாங்களான்னு தெர்ல."

வரியை எடுக்கவில்லை.

வாய்மொழித் தேர்வு அன்று கருத்தரங்கக் கூடம் நிறைந்திருந்தது. பழவேற்காட்டிலிருந்து ஷேர் ஆட்டோவும் பஸ்ஸும் மாறிப் பெண்கள் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். பெரியம்மா பட்டுப்புடவையில் இருந்தார். "நீங்க பக்கத்துல குந்துங்க டீச்சரம்மா, இங்கிலீஷுல பேசுவாங்களாம், எனுக்குச் சொல்லுங்க" என்று என்னைக் கையைப் பிடித்து உட்கார வைத்தார். அந்த ஒரு வரியைப் பற்றி அவருக்கு இன்னும் தெரியாது.

அவள் நன்றாகத்தான் பேசினாள். தேர்வாளராகத் தெற்கேயிருந்து ஒரு பேராசிரியை வந்திருந்தார். கறாரானவர் என்று பெயர். அவர் ஆய்வேட்டில் அடையாளம் வைத்திருந்த பக்கத்தைத் திறந்தார். "உங்கள் மேற்கோள்களில் தேசம்மாள் என்று ஒருவர் பலமுறை வருகிறார். உங்கள் ஆய்விடங்களே அவர் சொன்னபடி தேர்ந்தெடுத்தவை. ஆனால் இங்கே அவரையே மறுக்கிறீர்கள். உங்கள் முக்கியமான ஆதாரத்தை மறுக்க உங்களுக்கு என்ன ஆதாரம்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

தன் பெயர் காதில் விழுந்ததும் பெரியம்மா நிமிர்ந்துவிட்டார். "எம் பேர சொல்றாங்களே. இன்னாவாம்?"

மேடையில் அவள் கடைசி வரிசையைப் பார்த்தாள். ஒரு கணம் தொண்டையைச் செருமினாள். பிறகு பெரியம்மா சொன்னது என்ன, தான் வலையில் கண்டது என்ன, எத்தனை தரம் போய்ப் பார்த்தாள் என்று ஒன்றுவிடாமல் சொன்னாள்.

"சொல்லுங்க டீச்சரம்மா" என்று பெரியம்மா என் முழங்கையை இடித்தார்.

எனக்கு வேறு வழியில்லை. "மொகத்துவாரம் அடைச்சா வடகரையில குஞ்சு இருக்காதுன்னு நீங்க சொன்னீங்களாம். அவ போய்ப் பாத்தாளாம். இருந்துச்சாம். அந்த ஒரு எடத்துல நீங்க சொன்னது சரியில்லன்னு சொல்றா."

"எம் பேரச் சொல்லியேவா சொல்றா?"

"ஆமாம்மா."

"புஸ்தகத்துலயும் அப்டியே போட்டுக்கீறாளா?"

"போட்டிருக்கா."

பெரியம்மா மேடையையே பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்து போய்விடுவாரோ என்று எனக்குப் பயம். பிறகு புடவைத் தலைப்பை இழுத்துத் தோளில் சரியாகப் போட்டுக்கொண்டு, பக்கத்தில் இருந்த கன்னியம்மாவிடம் சொன்னார்.

"கேட்டியாடி? நம்ம சொன்னத இதுவரிக்கும் எவனாவது காதுல வாங்கிக்கீறானா? இவ வாங்கி, மெனக்கெட்டு அங்க போய்ப் பாத்து, இல்லன்னு சொல்றா!"

அத்தனை வருடம் பாடம் நடத்தியிருக்கிறேன், மேற்கோள் என்பது எதற்கு என்று இவ்வளவு துல்லியமாக நான் யாருக்கும் சொன்னதில்லை.

பட்டம் வழங்கப் பரிந்துரைப்பதாகப் பேராசிரியை அறிவித்ததும் கூடம் கைதட்டியது. வெளியே வராந்தாவில் டீயும் சமோசாவும் கொடுத்தார்கள். அவள் பயந்துகொண்டேதான் வந்தாள். பெரியம்மா எதிரே போய், காலில் விழக் குனிந்தவளைத் தோளைப் பிடித்து நிறுத்தினார்.

"காலெல்லாம் அப்பறம் வுழலாம். குஞ்சு இருந்துச்சின்ற. பெர்சாகற வரிக்கும் அங்கயே தங்குதான்னு பாத்தியா?"

"அத்த பாக்கல பெரிம்மா. குஞ்சே இருக்காதுன்னுதானே நீ சொன்ன?"

"சொன்னேன். தங்காத குஞ்சு இருந்தா இன்னா, இல்லாங்காட்டி இன்னா?"

"அது வேற, இது வேற. நீ பேச்ச மாத்துற."

"யாருடி மாத்துறது? வா, வந்து எறங்கிப் பாரு எங்கூட."

"வர்றேன். எழுதி வெச்சிக்கிறேன், அப்பறம் மாத்திப் பேசக் கூடாது."

வழிகாட்டி வாழ்த்துச் சொல்லக் கை நீட்டிக்கொண்டு நின்றார், இருவரும் கவனிக்கவில்லை. தேர்வாளர் அம்மாள் டீயை ஆறவிட்டுவிட்டு வாய் ஓயாமல் நடந்த அந்தச் சண்டையைக் கேட்டுக்கொண்டிருந்தார். எங்கள் கல்லூரியில் அதற்கு முன்னும் பின்னும் எத்தனையோ பேர் டாக்டர் ஆகியிருக்கிறார்கள். அன்று அந்த வராந்தாவில் நின்றபோது எனக்கு இருந்த கர்வம், பிற்பாடு நானே பட்டம் வாங்கிய நாளில்கூட இல்லை.